சாலை கூட்டும் மஞ்சள் வண்டி

ஜனவரி 18

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன். அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறக்கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறேன். இரண்டு பேருக்காக எடுத்த வீடு அது. நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்குப் பக்கத்தில், ஒரு சலவைக் கடைக்கு மேலே, ஓர் அறை கிடைத்திருக்கிறது. கட்டிலைப் போட்டால் மேசை இடிக்கிறது. மேசையைத் தள்ளினால் கதவு திறக்கவில்லை. ஒருத்திக்கு அது போதும். நாள் முழுக்க நின்றுகொண்டு மூக்குக்கண்ணாடிகளுக்கு லென்ஸ் பொருத்துகிறவள், அறைக்குப் போனால் படுக்கத்தானே போகிறேன்.

உங்கள் பிள்ளையின் வண்டிகளை வைக்க அங்கே இடமில்லை. உங்களுக்குத் தெரியும், பகலெல்லாம் நகராட்சிக் கொட்டகையில் நிஜ வண்டிகளைப் பழுது பார்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவற்றையே ஒன்றின் மேல் ஒன்று பொருத்துகிற பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகளில் கட்டிக்கொண்டிருப்பார். ஒரு சுவர் முழுக்க அவைதான். மூன்று பெட்டிகளாகக் கட்டி உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். முதல் பெட்டியில் ரயிலும் தண்டவாளமும். இரண்டாவதில் கிரேன் வண்டி, ஏணி வண்டி, குப்பை லாரி. மூன்றாவதில் உதிரிக் கட்டைகள், நிறவாரியாகப் பைகளில். முதல் பெட்டியில் மேலாக, அவருடைய வேலைச் சட்டையில் சுற்றி ஒரு எஞ்சின் இருக்கும். ரயில்வே யார்டில் ரயில் பெட்டிகளைத் தள்ளுகிற எஞ்சின். அதைப் பாதியில் விட்டுவிட்டார். சட்டையை நான் துவைக்கவில்லை. அத்தையிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரே ஒரு வண்டியை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். சின்னதுதான். பெட்டிகளைப் பக்கத்து வீட்டு அக்கா கூடமாட நின்று கட்டிக்கொடுத்தார்.

பெட்டிகள் வந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் மருமகள்

*

பிப்ரவரி 4

அன்புள்ள மருமகளுக்கு,

உன் உடம்பும் மனசும் தேறி வரட்டும். நாங்கள் இருவரும் இருக்கிறோம். அத்தை மாடிப்படி ஏறுவதில்லை. மாடியில் இருப்பவர்களைக் கீழே கூப்பிட்டுச் சண்டை போடுகிறாள்.

பெட்டிகள் மூன்றும் சேதமில்லாமல் வந்தன. முதல் நாள் அத்தை அந்தப் பக்கமே போகவில்லை. "பொம்மையை அனுப்பி வெச்சிருக்கா. பொம்மையை வெச்சு நான் என்ன பண்ண?" என்றாள். இரண்டாம் நாள் சமையலறைத் துணியை நனைத்துக்கொண்டு போய் ஒவ்வொரு வண்டியாகத் துடைத்தாள். சட்டையை எங்கே வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

எஞ்சினைப் பார்த்தேன். சக்கரம் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, அடிச்சட்டம் இருக்கிறது. மேலே மூன்று வரிசைக் கட்டை. அதோடு நிற்கிறது. அம்மா, முப்பது வருஷத்துக்கும் மேல் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். ஒரு பக்கம் பாதி அச்சுக் கோத்த நிலையில் மேசை மேல் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. கடைசி வரி வரைக்கும் போய், முற்றுப்புள்ளி வைத்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் எழுந்திருப்பேன். இந்த எஞ்சினும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. இதை நான் முடிக்கப் போகிறேன்.

ஆனால் எனக்கு இதில் அரிச்சுவடிகூடத் தெரியாது. அவன் சின்ன வயதில் இதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, "படிக்கிற வழியைப் பாரு" என்று சொன்ன ஆள் நான். எங்கே தொடங்குவது? அவன் எப்படிச் செய்வான்? நீ பக்கத்தில் இருந்து பார்த்தவள். தெரிந்ததை எழுது.

உன் மாமா

*

பிப்ரவரி 20

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு சந்தோஷம். இருமல் இருக்கிறதா என்று எழுதவில்லை. இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். வெந்நீர் குடியுங்கள்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். கட்டையின் தலையில் இருக்கிறதே, அந்தக் குமிழை எண்ணித்தான் எல்லாமே. அவருடைய ரயில் எல்லாம் எட்டுக் குமிழ் அகலம். ஆறு போதும் என்பவர்கள் உண்டாம். "ஆறுல கட்டினா எஞ்சின் பட்டினி கிடந்த மாதிரி இருக்கும்" என்பார். ஒரு வரிசையில் இரண்டு கட்டைகள் சேரும் இடத்துக்கு மேல் அடுத்த வரிசையில் முழுக்கட்டை வர வேண்டும். செங்கல் சுவர் மாதிரி. இல்லையென்றால் கையில் எடுக்கும்போது பிளந்துவிடும்.

பசை போட மாட்டார். யாராவது பசை என்று சொன்னாலே கோபம் வரும். புது வண்டி ஒன்று கட்ட வேண்டுமென்றால் பழைய வண்டி ஒன்றைப் பிரிப்பார். எங்கள் வீட்டில் எந்த வண்டியும் ஒரு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்ததில்லை. ஒரு தடவை நான் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்த தீயணைப்பு வண்டி, நான் கடைக்குப் போய் வருவதற்குள் பால் வண்டியாகி இருந்தது. "ஐயோ, அது எங்க?" என்றேன். "இதுக்குள்ளதான் இருக்கு" என்றார். அதனால் நீங்களும் தயங்க வேண்டாம். கட்டை குறைந்தால் சின்ன வண்டிகளைப் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் அதைத்தான் செய்திருப்பார்.

இறுகிப்போன கட்டைகளைப் பிரிக்க ஒரு நெம்பு கருவி உண்டு. அது பெட்டியில் எங்கோ கிடக்கிறது. அவர் அதைத் தேடவே மாட்டார். பல்லால் கடித்து இழுப்பார். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். உங்களுக்கு இருக்கிற பற்கள் வேண்டும்.

அறைக்கு வந்துவிட்டேன். கீழே சலவை இயந்திரங்கள் சுற்றும்போது கட்டில் லேசாக அதிர்கிறது. ரயிலில் படுத்திருப்பது போல இருக்கிறது. பாதி மூட்டைகளை இன்னும் அவிழ்க்கவில்லை.

அத்தைக்கு என் அன்பு.

உங்கள் மருமகள்

*

மார்ச் 15

அன்புள்ள மருமகளுக்கு,

இருமல் இருந்தது. வெந்நீர் குடித்தேன். போய்விட்டது. உன்னிடம் பொய் சொல்ல முடியாது போலிருக்கிறது.

எஞ்சின் முடிந்துவிட்டது!

சாப்பாட்டு மேசையில் பாதி இடம் எனக்கு, பாதி அத்தைக்கு என்று கோடு போட்டுக்கொண்டோம். முதல் வாரம் நான் கட்டியதெல்லாம் கையில் எடுத்ததும் பிளந்தது. நீ சொன்ன செங்கல் சுவர் உதாரணம்தான் கண்ணைத் திறந்தது. பிறகு மளமளவென்று போயிற்று. உள்ளே, வெளிப்பார்வைக்குத் தெரியாத இடங்களில் கிடைத்த நிறத்தைப் போட்டு நிரப்பினேன். அச்சுக் கோக்கிறவர்கள் சொற்களுக்கு நடுவில் வெற்றுத் துண்டுகளை வைப்பார்கள் அல்லவா, காகிதத்தில் அவை விழாது, ஆனால் அவை இல்லாமல் வரி நிற்காது. அது போலத்தான்.

முன்பக்கத்து மூக்குக்குத்தான் திண்டாட்டமாகிவிட்டது. மஞ்சள் சரிவுக் கட்டைகள் பையில் இல்லை. மூன்றாவது பெட்டியில் மேலாக, துணியில் சுற்றி, ஒரு சின்ன வண்டி தனியாகக் கிடந்தது. நீ சொன்னபடி அதைப் பிரித்து எடுத்துக்கொண்டேன். கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அதன் மிச்சக் கட்டைகளும் மோட்டாரைச் சுற்றி உள்ளே நிரப்ப உதவின.

நேற்று சாயங்காலம் தண்டவாளத்தை வட்டமாகப் போட்டு ஓட்டினோம். கிரேன் வண்டியை இழுத்துக்கொண்டு போயிற்று. அத்தை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மூன்று சுற்று வந்ததும், "வளைவுல மெதுவாப் போகச் சொல்லுங்க, விழுந்துடப் போவுது" என்றாள். யாரிடம் சொல்வது? நான் சரி என்றேன்.

நீ ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும்.

உன் மாமா

*

ஏப்ரல் 2

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எஞ்சின் ஓடியது கேட்டு மனசுக்கு நிறைவாக இருந்தது. அவர் இருந்தால் வளைவில் மெதுவாகத்தான் ஓட்டியிருப்பார். அத்தையிடம் சொல்லுங்கள்.

மாமா, ஒரு விஷயம். சென்ற ஞாயிற்றுக்கிழமை மிச்ச மூட்டைகளையும் அவிழ்த்தேன். நான் வைத்துக்கொண்டதாக எழுதினேனே ஒரு வண்டி, அது என்னிடம் இல்லை. கட்டிலுக்கு அடியில், பாத்திரங்களுக்குள், எல்லா இடத்திலும் தேடிவிட்டேன். பழைய வீட்டுக்கே போய் பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டேன். "அந்த மஞ்ச வண்டியா? நீ மறந்து வெளியில வெச்சிட்டேன்னு நினைச்சு, நான்தான் துணி சுத்திப் பெட்டில வெச்சேன். பாவம், தனியாக் கிடந்துச்சு" என்றார். நல்ல மனசு.

சாலை கூட்டும் வண்டி அது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. முன்னால் இரண்டு வட்டத் தூரிகைகள், பின்னால் குப்பைத் தொட்டி.

அதை நாங்கள் ஆஸ்பத்திரியில் கட்டினோம். கட்டிலின் மேல் இழுத்து வைக்கிற மேசையில். அப்போது அவர் விரல்களில் வலு இல்லை. ஒரு கட்டையை இன்னொன்றின் மேல் அழுத்தக்கூட முடியவில்லை. அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் பொருத்தினேன். எல்லா வருஷமும் அவர் கட்டுவார், நான் கேலி செய்வேன். அது ஒன்றுதான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்தது. வேறு எதுவும் இல்லை. நீங்களும் அத்தையும் வந்து சேர்ந்தபோது அது என் கைப்பையில் இருந்தது.

நீங்கள் பிரித்ததாக எழுதிய சின்ன வண்டி எது என்று எழுதவில்லை. அது வேறு ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும். இரண்டாவது பெட்டியிலும் சின்ன வண்டிகள் உண்டே.

முடிந்தபோது அதை எனக்கு அனுப்பி வையுங்கள். அவசரமில்லை.

உங்கள் மருமகள்

*

மே 21

அன்புள்ள மருமகளுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னித்துக்கொள். இங்கே நல்ல கோடை மழை. பார்சல் அலுவலகத்தில் கூரை ஒழுகுகிறது என்று வேலை நடக்கிறது. எனக்கும் கண்ணில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

மஞ்சள் வண்டி இங்கேதான் இருக்கிறது. பத்திரமாக இருக்கிறது. கவலைப்படாதே. கூரை வேலை முடிந்ததும் அனுப்புகிறேன்.

எஞ்சினின் மூக்கைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிவிட்டேன். யார்டில் ஓடுகிற எஞ்சினுக்கு மஞ்சள் பளிச்சென்று இருந்தது. சாம்பல்தான் பொருத்தம்.

சும்மா ஒரு சந்தேகம். எங்கள் தெருவிலும் காலையில் சாலை கூட்டும் வண்டி வருகிறது. அதன் தூரிகைகள் எந்தப் பக்கம் சுற்றுகின்றன என்று குனிந்து பார்த்தேன். ஓட்டுநர் பிரேக் போட்டார். "என்ன பெரியவரே, வண்டிக்கு அடியில எதைத் தொலைச்சீங்க?" என்றார். "ஒண்ணுமில்ல தம்பி, சும்மா பாக்குறேன்" என்றேன். "சும்மா பாக்குறதுக்கு நடுரோட்டுல முட்டி போட்டு உக்காருவாங்களா? எந்திரிங்க, சட்டை நனையுது" என்று இறங்கி வந்து கைகொடுத்தார். நல்ல பிள்ளை. ஆனால் அவர் இறங்கியதால் தூரிகை நின்றுவிட்டது. பார்க்க முடியவில்லை. உன் வண்டியில் அவை உள்பக்கம் சுற்றுமா, வெளிப்பக்கம் சுற்றுமா? ஓட்டுநர் இருக்கை இடமா, வலமா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உன் மாமா

*கண்ணு, நான் அத்தை எழுதுறேன். மாமா உறை எடுக்க உள்ள போயிருக்காரு. அவரு பிரிச்சது அந்த மஞ்ச வண்டியைத்தான். உன் கடுதாசி வந்ததுல இருந்து தரையில ஒரு போர்வையை விரிச்சுக்கிட்டு மஞ்சக் கட்டையாப் பொறுக்கிப் பொறுக்கி வெச்சுப் பாக்குறாரு. வரவே மாட்டேங்குது. சரியாச் சாப்பிடறதில்ல. நேத்து சட்டுனு திரும்பி, "நான் ஏண்டி அதைத் தொட்டேன்"னு கேட்டாரு. இதெல்லாம் நான் சொன்னேன்னு எழுதிடாத. மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு. தெரியாத மாதிரியே இரு.*

*

ஜூன் 3

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கண் எரிச்சல் கேட்டுக் கவலையாக இருக்கிறது. கண்ணாடிக் கடைக்காரி சொல்கிறேன், வெளிச்சம் இல்லாத இடத்தில் குனிந்து எதையும் பார்க்காதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். அத்தை வைத்த இடத்தில் தட்டு அப்படியே இருக்கக்கூடாது.

வண்டி பத்திரமாக இருப்பது நிம்மதி. நீங்கள் கேட்டதால் ஞாபகத்துக்கு வந்ததை எழுதுகிறேன். பார்சலில் குலுங்கி ஏதாவது கழன்றாலும், திரும்பப் பொருத்த எனக்கே இது உதவும்.

தூரிகைகள் இரண்டும் உள்பக்கம்தான் சுற்றும். நான் முதலில் மாற்றிப் பொருத்தினேன். "இப்படிச் சுத்தினா குப்பை எல்லாம் நடைபாதைக்குப் போயிடும். கூட்ட வந்த வண்டியா, கொட்ட வந்த வண்டியா?" என்று சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, நர்ஸ் வந்து, எங்கள் இரண்டு பேருக்கும் திட்டு விழுந்தது. முன் அச்சில் ஒரு சின்ன பற்சக்கரம். அதிலிருந்து இரண்டு தூரிகைகளுக்கும் இரண்டு. ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். முன்கண்ணாடிக்கு மேலே விளக்குக்காக ஆரஞ்சு நிறத்தில் ஒற்றைக் குமிழ். பக்கவாட்டில் ஏணி கிடையாது. பின்தொட்டி ஐந்து வரிசை உயரம். மேல்மூடி தட்டையான மஞ்சள் பலகை. கொக்கியைத் தூக்கினால் தொட்டி பின்னால் சாயும். அகலம் ஆறு குமிழ். எட்டு இல்லை. "ஆறுன்னா பட்டினி கிடந்த மாதிரி இருக்கும்னு சொல்வீங்களே" என்றேன். "இப்ப நானும் அப்படித்தானே இருக்கேன், பரவாயில்ல" என்றார்.

தொட்டிக்கு உள்ளே மட்டும் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும் மாமா. அதில் ஒன்றும் மாற்ற வேண்டாம்.

அவசரமே இல்லை. கூரை வேலை நிதானமாக முடியட்டும்.

உங்கள் மருமகள்

*

ஜூலை 9

அன்புள்ள மருமகளுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் குறை ஒன்றுமில்லை. இப்போது இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

கூரை வேலை முடிந்துவிட்டது. மஞ்சள் வண்டியை இன்று காலை பார்சலில் சேர்த்தேன். பஞ்சு வைத்து, அட்டை வைத்து, அதற்கு மேல் அத்தையின் பழைய சேலைத் துண்டு ஒன்றையும் சுற்றியிருக்கிறேன். பார்சல் அலுவலகப் பெண், "உள்ள என்ன சார், கண்ணாடியா?" என்றாள். "கண்ணாடியா இருந்தா இவ்வளவு பயப்பட மாட்டேம்மா" என்றேன்.

தூரிகைகள் உள்பக்கம் சுற்றுகின்றன. மேசை மேல் ரொட்டித்தூள் தூவி ஓட்டிப் பார்த்தேன். அழகாகக் கூட்டுகிறது. தொட்டியும் சாய்கிறது. நீ எழுதியதற்கும் வண்டிக்கும் ஒரு குமிழ் வித்தியாசம் கிடையாது. வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். அச்சகத்தில் இருந்த காலத்தில்கூட ஒரு பக்கத்தை இத்தனை முறை படித்ததில்லை.

ஒரே ஒரு பிழை இருந்தது. தொட்டிக்குள் எல்லாம் மஞ்சளாக இருக்க, நடுவில் ஒரு நீலக் கட்டை. பழைய கட்டை வேறு, ஓரம் நசுங்கியிருந்தது. ஆஸ்பத்திரி வெளிச்சத்தில் கவனித்திருக்க மாட்டீர்கள். பிழையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது என்று உனக்குத்தான் தெரியுமே. அதை எடுத்துவிட்டு நல்ல மஞ்சள் ஒன்றை வைத்துச் சரி செய்துவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இருந்தாலும் உள்ளேயும் சுத்தமாக இருக்கட்டுமே.

கிடைத்ததும் எழுது.

உன் மாமா

*

ஆகஸ்ட் 30

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களையும் அத்தையையும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் எதுவும் இல்லை. கடையில் இரண்டு பேர் விடுப்பு. அவ்வளவுதான்.

வண்டி வந்தது. ஒரு கட்டைகூடக் கழலவில்லை. ஜன்னல் ஓரத்தில் வைத்திருக்கிறேன். கீழே இயந்திரம் சுற்றும்போது அதிர்ந்து அதிர்ந்து தானாகவே கொஞ்சம் நகர்கிறது. காலையில் வைத்த இடத்தில் சாயங்காலம் இருப்பதில்லை. எவ்வளவு பொறுமையாகக் கட்டி அனுப்பினீர்கள், பார்சலைச் சொல்கிறேன். அந்தச் சேலைத் துண்டைத் திருப்பி அனுப்பவில்லை. அத்தையின் வாசனை இருக்கிறது.

மாமா, ஒரு சின்ன உதவி. பெட்டிகளின் அடியில் ஒரு நீலக் கட்டை கிடக்கலாம். இரண்டு வரிசையில் எட்டுக் குமிழ். நீலத்தில் அது மாதிரி நிறைய இருக்கும். இதில் மட்டும் ஓரத்தில் பல் தடம் இருக்கும்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் மஞ்சள் கட்டை ஒன்று குறைந்தது. டப்பாவில் இருந்ததெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு ஜோடி நீலம்தான். என் நகத்தால் பிரிக்க முடியவில்லை. அவர் விரலுக்கோ வலு இல்லை. "இங்க குடு" என்று வாங்கி, பல்லால் கடித்து இழுத்தார். அவ்வளவு உடம்பு முடியாமல் இருந்தவர். டக்கென்று பிரிந்தது. என்னமோ லாரியையே தூக்கிவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார். "நீலம் வெச்சா அசிங்கமா இருக்குமே" என்றேன். "உள்ளதானே இருக்கப் போவுது. நமக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றார். அதற்குப் பிறகு அவர் எதையும் கட்டவில்லை.

அந்தக் கட்டை இப்போது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. உங்கள் கண்ணில் பட்டால் எடுத்து வையுங்கள். படாவிட்டாலும் பரவாயில்லை. தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் மருமகள்

*

செப்டம்பர் 14

அன்புள்ள மருமகளுக்கு,

நீ நன்றாக இருக்கிறாயா என்று வழக்கமாகக் கேட்கிறேன். இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

நீ கேட்ட கட்டை கிடைத்துவிட்டது. இத்துடன் இருக்கிறது. எங்கே கிடைத்தது என்று நீ கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

எஞ்சினைப் பற்றி ஒரு செய்தி. அது இனி ஓடாது. கழற்றிவிட்டேன். அதன் வயிற்றில், மோட்டாரை ஒட்டி, நான் வைத்த முதல் வரிசையில் இருந்த ஒன்று வேண்டியிருந்தது. அதை எடுக்க, அதற்கு மேல் இருந்த எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். கூரை, சாம்பல் மூக்கு, ஜன்னல், எல்லாம். அத்தை எதிரில் உட்கார்ந்து, நான் கழற்றிக் கொடுத்ததை நிறவாரியாகப் பையில் போட்டாள். நெம்பு கருவி கடைசி வரை கிடைக்கவில்லை. கத்தி முனையால் நெம்பினேன். அந்தக் கட்டையை மட்டும் நெம்பவில்லை. கையாலேயே, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். அதில் புதிதாக ஒரு கீறல்கூட விழவில்லை. உருப்பெருக்கியில் பார்த்துவிட்டேன்.

மீதி எஞ்சின், இங்கே வந்தபோது இருந்த மூன்று வரிசையோடு நிற்கிறது. அவன் கட்டியது அந்த மூன்று வரிசைதான். திரும்பச் சட்டையில் சுற்றி வைத்துவிட்டோம். சட்டையை அத்தையே எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். அதை நான் இனி முடிக்கப் போவதில்லை. சாப்பாட்டு மேசையில் போட்ட கோட்டையும் அழித்துவிட்டேன்.

பிழை என்று நினைத்து எத்தனையோ பேர் எழுதியதில் கை வைத்திருக்கிறேன், அம்மா. யாரும் என்னிடம் வந்து கேட்டதில்லை. நீயும் கேட்கவில்லை.

மஞ்சள் வண்டியின் தொட்டியில், மேலிருந்து மூன்றாவது வரிசையில் நடுக்கட்டையை எடுத்துவிட்டு இதை வை. உன் கையாலேயே வை.

உன் மாமா

*கண்ணு, மாமா இதை எடுத்த உடனே அனுப்பணும்னு உறையோட நின்னாரு. நான்தான் குடுக்கல. ஒரு நாள் என்கிட்ட வெச்சிருந்தேன். கோவிச்சுக்காத. மேல் பல்லு ஒண்ணு அவனுக்குக் கோணலா முளைச்சுது, உனக்குத் தெரியுமே. அந்தத் தடம் அப்படியே விழுந்திருக்கு, ஒரு பக்கம் ஆழமா, ஒரு பக்கம் லேசா. விரலால தடவினாக் கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடுவேன். கட்டையை வாயில வெக்காதடா, பல்லு போயிடும்டான்னு சின்னதுல எத்தனை அடி அடிச்சிருக்கேன். ஒரு அடியாவது கேட்டானா பாரு. கேக்காததும் நல்லதாப் போச்சு. உன்னுது உனக்கு வந்துருச்சு, பத்திரமா வெச்சுக்கோ.*